கேட்டால் தரப்படும்

படார்!

கதவு சுவரில் மோதிய வேகத்தில் மேலே மாட்டியிருந்த கடிகாரம் கழன்று தரையில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கி, பெரிய முள் தனியாகத் தெறித்து மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"நமக்கு நேரம் சரியில்லைன்னு சொன்னா நம்பினீங்களா பாஸ்?" என்றாள் பட்டாசு.

வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். ஒரு கையில் கைப்பை. இன்னொரு கையில், மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்த ஓர் ஆண். நாற்பதைத் தொடும் வயது, அகன்ற தோள்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளையைப் போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க ஊசின்னு ஒரு துப்பறியறவர் இருக்காராமே?"

"நான்தான்" என்றார் ஊசி.

ஆள் மெலிவு என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பலர் நினைத்தார்கள். அவரிடம் கேள்வி வாங்கியவர்களுக்குத்தான் உண்மை தெரியும். குத்தியது தெரியாது. ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். பட்டாசு அவருடைய உதவியாளர். அவள் பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

"இவன் என் தம்பி. உட்காருடா" என்றாள் அம்மாள். அவன் உட்கார்ந்தான். "இவனுக்கு வேலை கிடைக்குது சார். ஆனா கிடைக்க மாட்டேங்குது."

"கதவு திறந்திருக்கு, ஆனா பூட்டியிருக்கு. அந்த மாதிரியா மேடம்?"

அக்காக்காரி பட்டாசை ஒரு முறை முறைத்துவிட்டு ஊசியின் பக்கம் திரும்பினாள்.

விஷயம் இதுதான். தம்பி ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்தவன். கிடங்கையே இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று இடங்களில் நேர்காணலுக்குப் போனான். மூன்றிலும் கை குலுக்கி அனுப்பினார்கள். மூன்றிலும், நியமன உத்தரவு கைக்கு வருவதற்குள் யாரோ அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து இவனைப் பற்றிக் கன்னாபின்னாவென்று சொல்லிவிட்டார்கள். வேலை போயிற்று.

"இப்ப நாலாவது இடம். அதுவும் குளிர்பதனக் கிடங்குதான். நேர்காணல் முடிஞ்சாச்சு. இன்னிக்குக் காலைல அங்கயும் போன் போயிருக்கு. சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள முடிவு சொல்லிடுவாங்களாம். அதுக்குள்ள அந்த நாசமாப் போறவன் யாருன்னு எனக்குத் தெரியணும்."

"தம்பி பேச மாட்டாரா?" என்றார் ஊசி.

"இவனா? வேலைல இருந்தப்போ இவன் புலி சார். வீட்டுக்குள்ள காலை வச்சான்னா டம்ளர்கூட சத்தம் போடப் பயப்படும். இப்பப் பாருங்க, மழைல நனைஞ்ச பூனை. என் வீட்டு மாடில ஓசில உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கறான், துணி மடிக்கறான். பொண்டாட்டி மகாராணி மாதிரி பாத்துட்டு இருக்கா. ஒரு வேலை கிடைக்கட்டும், மறுபடியும் புலியாயிடுவான்."

"அக்கா, விடேன்" என்றான் தம்பி. குரல் பாதி தொண்டையிலேயே நின்றது.

"நீங்க எங்கெல்லாம் மனு போடறீங்கன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, அக்காவுக்கு, வீட்ல அவளுக்கு. அப்புறம் எனக்கு ரெஸ்யூமே எழுதிக் கொடுக்கறவருக்கு. ஒரே சட்டையை எல்லாருக்கும் மாட்டக்கூடாதும்பார். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியா எழுதித் தருவார்."

"அவன்தான் சார்!" என்று மேஜையில் அடித்தாள் அக்கா. "வேலை கிடைச்சவன் திரும்பி வருவானா? கிடைக்காதவன்தானே திரும்பத் திரும்பப் போய் எழுதிக்கணும்?"

"பல் டாக்டர் வாசல்ல மிட்டாய்க் கடை போட்ட கதை" என்றாள் பட்டாசு.

ஊசி எழுந்து, உடைந்த கடிகாரத்தைத் தாண்டி நடந்தார்.

* * *

புதுக் கிடங்கின் ஆள் சேர்ப்பு அதிகாரிக்குக் கண்ணாடி அறை. மேஜைமேல் ரெஸ்யூமேக்கள் ஒரு குவியல். காலடியில் ஓர் அட்டைப்பெட்டி. பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணால் ஒரு தடவு தடவி, பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். பெரும்பாலான தாள்கள் இரண்டாவது வரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

"இங்க பாருங்க, 'கடின உழைப்பாளி'யாம். கழுதையும்தான். பெட்டிக்குப் போ. இவர் தன்னோட பொழுதுபோக்கைப் பதினோரு வரி எழுதியிருக்கார். வேலைக்கு எப்ப வருவார்? பெட்டி. இது நாலு பக்கம். படிச்சு முடிக்கறதுக்குள்ள இவர் ரிட்டயர் ஆயிடுவார்."

"உங்க கையால சாகறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும் மேடம்" என்றாள் பட்டாசு.

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தாள். "உங்க ஆளோடது மட்டும்தான் தேறிச்சு. ஒரே பக்கம். எந்த வேலைல என்ன சாதிச்சார்னு வரிக்கு வரி இருக்கு. கடைசியாப் பார்த்த வேலை முதல்ல, பழசெல்லாம் கீழே. எங்க விளம்பரத்துல நாங்க கேட்ட ஒவ்வொண்ணுக்கும் அதுல பதில் இருக்கு. இப்படி எழுதினா நான் ஏன் பெட்டில போடப் போறேன்?"

"காலைல வந்த போன்?"

"குசுகுசுன்னு ஒரு குரல். ஆணா பொண்ணான்னே தெரியல. போன கிடங்குல மூட்டை தூக்கறவன் காதுல இவர் அறைஞ்சாராம், இன்னிக்கும் அவனுக்கு ஒரு காது கேக்காதாம். லேட்டா வந்தவங்களை ஐஸ் ரூம்ல தள்ளிப் பூட்டுவாராம். புதுசா சேர்ந்த பசங்க தப்பு பண்ணா, விரலைக் கதவு இடுக்குல வைக்கச் சொல்லிக் கதவைச் சாத்துவாராம். அதுக்கு முன்னாடி லாரி ஆபீஸ்ல, அதுக்கும் முன்னாடி மரக்கடைலன்னு வரிசையாச் சொல்லிட்டே போச்சு."

ஊசி சற்று முன்னால் குனிந்தார். "இதே வரிசையிலயா?"

"இதே வரிசைதான். ஏன்?"

"யாராவது ஒருத்தரைப் பத்திக் கோள் சொல்லணும்னா எப்படி ஆரம்பிப்பாங்க மேடம்? 'அவன் அந்தக் காலத்துலேயே அப்படித்தான்'னு பழசுலேருந்துதானே? உலகத்துல யாரும் கடைசிலேருந்து பின்னாடி போக மாட்டாங்க. ரெஸ்யூமேவைத் தவிர."

அதிகாரி பெட்டிக்கு நீட்டிய கையை நிறுத்தினாள். தம்பியின் தாளை இழுத்து மேஜைமேல் விரித்தாள். ஊசியின் விரல் வரிவரியாக இறங்கியது.

'பணியாளர் ஒழுங்கை உறுதியான கையுடன் நிலைநாட்டினார்.' காதில் அறை.

'தாமதமாக வரும் பழக்கத்தை அறவே ஒழித்தார்.' ஐஸ் ரூம்.

'புதிய பணியாளர்களுக்கு மறக்க முடியாத நேரடிப் பயிற்சி அளித்தார்.' கதவு இடுக்கு.

"ரெஸ்யூமேவைப் பிடிச்சு, சட்டையைத் திருப்பிப் போடற மாதிரி உள்பக்கத்தை வெளியே காட்டியிருக்காங்க" என்றாள் பட்டாசு மெதுவாக.

"வேற ஏதாவது சொல்லிச்சா அந்தக் குரல்?"

"இதுக்கெல்லாம் சாட்சி யாருன்னு கேட்டேன். டக்குன்னு, 'கேட்டால் தரப்படும்'னு சொல்லி வச்சுடுச்சு."

"இதெல்லாம் உண்மையா இருந்தா?"

அதிகாரி தோளைக் குலுக்கினாள். "கிடங்கு சார் இது, பூந்தோட்டம் இல்ல. கை ஓங்கறது எங்களுக்குப் பிரச்சினையே இல்ல, கேஸ் வர்றதுதான் பிரச்சினை. பேர் சொல்லாத போன் வெறும் காத்து. யாராவது நான் இன்னார்னு சொல்லிப் பேசினா, அதுக்கப்புறம் நான் அவரை எடுக்க முடியாது. சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்றேன். விஷமக்காரன் வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உத்தரவுல கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் அடுத்த தாளை எடுத்தாள். பார்த்தாள். பெட்டி.

* * *

ரெஸ்யூமே எழுதுபவரை எல்லாரும் 'பாலிஷ்' என்று கூப்பிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவர் முழுக்கச் சட்டமிட்ட தாள்கள். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்'. ஆட்கள் கொண்டுவந்த பழைய தாளும், அவர் எழுதிக் கொடுத்த புதுத் தாளும்.

"உங்க கஸ்டமருக்குத் தெரியுமா, அவங்க மானம் இங்க தொங்கறது?" என்றாள் பட்டாசு.

"பேரை மறைச்சிருக்கேன்மா. மானத்தை மறைக்க முடியல" என்றார் பாலிஷ். "பாருங்க, இவர் கொண்டுவந்தது பயோடேட்டா. பிறந்த தேதி, அப்பா பேரு, உயரம், எடை. கசாப்புக் கடைக்கா போறாரு? பயோடேட்டாங்கறது பொறந்த கதை. ரெஸ்யூமேங்கறது பொழைச்ச கதை."

ஊசி தம்பியின் தாளை நீட்டினார். "உறுதியான கை. இது என்ன கதை?"

பாலிஷ் கண்ணாடியைத் துடைத்தார். "ஆளுங்களை எப்படி வேலை வாங்குவீங்கன்னு கேட்டேன். 'நாலு அறை வைப்பேன்'னார். பெருமையாத்தான் சொன்னார். நான் பொய் எழுதல சார். மொழிபெயர்த்தேன்."

"அந்த மொழிபெயர்ப்பை மறுபடி திருப்பிப் போட்டு, கம்பெனி கம்பெனியாப் போன் பண்றாங்க. எந்தக் கம்பெனிக்கு எந்தத் தாள் போகுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். வேலை கிடைக்காதவன்தான் உங்களுக்குச் சோறு."

பாலிஷ் கோபப்படவில்லை. சுவரைக் காட்டினார். "கிடைக்காதவனை வச்சு நான் கடையை நடத்தினா, யார் சார் புதுசா வருவான்? எனக்குச் சோறு போடறது கிடைச்சவன் வாய்."

"சாட்சி கேட்டதுக்கு, 'கேட்டால் தரப்படும்'னு சொல்லியிருக்கீங்களே?" என்று வீசினாள் பட்டாசு.

இப்போதுதான் பாலிஷ் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால்கூட முகம் அப்படிச் சிவந்திருக்காது.

"என்னது? அந்த வரியையா? நானா? 'பரிந்துரையாளர் விவரம் கேட்டால் தரப்படும்'! கேட்டா தராம பின்ன என்ன பண்ணுவான்? அதுக்கு ஒரு வரி தெண்டமா? அது அந்தக் கால டைப்ரைட்டர் ஆபீஸ் பழக்கம் சார். அந்த இடத்துல நான் ஒரு சாதனையைச் சேர்ப்பேன். நான் எழுதினதுல எங்கயாவது அந்த வரி இருந்தா, இந்தக் கடையை உங்க பேருக்கு எழுதி வச்சுடறேன்."

ஊசி கையிலிருந்த தாளின் கடைசி வரியைப் பார்த்தார். உண்மைதான். இல்லை.

"அப்போ அந்தக் குரலுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

பாலிஷ் சுவரருகே போய் 'முன்' பக்கத்தில் ஒரு சட்டத்தைத் தட்டினார். "உங்க ஆள் என்கிட்ட கொண்டுவந்த பழசு. மூடிப்போன கிடங்குல இவருக்கு வேலை வாங்கித் தந்தது இந்தத் தாள்தான். சும்மா சொல்லக்கூடாது, டைப் அடிச்சது பழகின கை. ரெண்டு ஓரமும் கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கும். கடைசி வரிலதான் கோட்டை விட்டிருக்கு."

கடைசி வரி: 'பரிந்துரையாளர் விவரம் கேட்டால் தரப்படும்.'

"யார் அடிச்சது?"

"கேட்டேன். 'வீட்ல கிடந்தது'ன்னார்."

ஊசி புதுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் புதுப் பசங்க பயிற்சி வரி, மத்த மூணு கம்பெனிக்கும் போனதுலயும் உண்டா?"

"இல்லையே. இந்தக் கிடங்குல நிறையப் புது ஆளுங்களை எடுக்கறாங்கன்னு போன வாரம்தான் சேர்த்தேன். ரெண்டே பிரதி. ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு இவர் ஒப்பிக்க."

"ஒப்பிக்கவா?"

"நேர்காணல்ல தாளைப் பார்த்தா பேச முடியும்? வீட்ல யாரையாவது தாளைப் பிடிச்சுக்கச் சொல்லி, பார்க்காம ஒப்பிக்கணும். தப்பு வந்தா அவங்க திருத்தணும். எல்லாருக்கும் நான் சொல்றதுதான்."

இருவரும் கடையை விட்டு வெளியே வந்தார்கள். தெரு முனை வந்ததும் பட்டாசு கேட்டாள்.

"பாஸ், அப்போ வீட்ல தாளைப் பிடிச்சுக்கிட்டது யாரு?"

"அதைத்தான் பார்க்கப் போறோம்."

* * *

அக்கா வீட்டு மாடியில் இரண்டு அறைகள். சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நின்று தம்பி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டையும் கழுவித் துடைத்து, ஓசைப்படாமல் அடுக்கினான். அவன் மனைவி ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்காக மடித்த ஒரு தாள்.

"டீ போடட்டுமா?" என்று மனைவியைத்தான் கேட்டான் தம்பி. அவள் தலையசைத்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தான்.

"பார்த்தீங்களா கூத்தை?" என்றாள் அக்கா, மூச்சிரைக்க மேலே ஏறி வந்து. "கண்டுபிடிச்சீங்களா சார்? அந்த ரெஸ்யூமேக்காரன்தானே?"

"பாதி கண்டுபிடிச்சாச்சு."

டீ வந்தது. மனைவி டம்ளரை இடது கையால் வாங்கினாள். வலது கையின் இரண்டு விரல்கள் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. மடங்கவில்லை.

"நீங்க டைப் அடிப்பீங்களாம்மா?" என்றார் ஊசி.

பதில் அக்காவிடமிருந்து வந்தது. "அடிச்சா, அடிச்சா. கல்யாணத்துக்கு முன்னாடி பெரிய ஆபீஸ்ல டைப்பிஸ்ட். இப்ப எங்க? கதவு இடுக்குல விரலை நசுக்கிக்கிட்டா. கவனமே இல்லாத ஜென்மம். இவன் வேலைலேருந்து வந்தப்போ கதவைத் திறக்க லேட்டாக்கினாளாம், அவசரத்துல…"

பட்டாசின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

ஊசி அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். "டீக்குச் சர்க்கரை கொஞ்சம் வேணுமே. கீழே இருக்குமா?"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். ஊசி குரலைத் தாழ்த்தினார்.

"'கேட்டால் தரப்படும்'ங்கற வரியைப் பாலிஷ் எழுதறதே இல்லம்மா."

அவள் மடியிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"பக்கம் முடியும்போது கை தானா அடிக்கற வரி சார் அது. சாட்சி யாருன்னு அவங்க திடீர்னு கேட்டதும், வாய்ல தானா வந்துடுச்சு."

"அவர் செஞ்சதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரே சொல்வார். சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே. அந்தக் கிடங்கு வேலை நான் அடிச்சுக் கொடுத்த பயோடேட்டாவால கிடைச்சது சார். ஒரு தப்புகூட இல்லாம அடிச்சேன்." அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "நல்லா எழுதியிருந்தேன்."

ஊசியின் செல்போன் அலறியது. ஆள் சேர்ப்பு அதிகாரி. அவர் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"சார், கிளம்பப் போறேன். உத்தரவு கையில இருக்கு, பேனாவும் கையில இருக்கு. அந்தப் போன் விஷமமா, இல்லையா?"

சமையலறையில் தண்ணீர் நின்றது.

தம்பி வாசலுக்கு வந்தான். ஈரக் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. 'உத்தரவு' என்ற சொல் அவன் முதுகுத்தண்டுக்குள் ஏதோ ஒரு கம்பியைச் செருகியதுபோல் இருந்தது. தோள் அகன்றது. மோவாய் உயர்ந்தது. காலையிலிருந்து தரையில் கிடந்த பார்வை, நேராக மனைவியின் மேல் வந்து நின்றது.

"ஏய்" என்றான். "துண்டை எடு."

குரல் தொண்டையில் நிற்கவில்லை. முழுதாக வந்தது.

அவள் பாதி எழுந்துவிட்டாள். பழக்கம். வலது கை தானாகப் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டது.

"சர்க்கரை இந்தாங்க" என்று வந்த அக்கா, போனைப் பார்த்துப் பூரித்துப் போனாள். "கிடைச்சுடுச்சா? சொல்லுங்க சார், விஷமம்தான்னு சொல்லுங்க! என் புலிக்கு வேலை கிடைச்சாச்சு!"

"சார்? லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "பேர் சொல்லாத ஆளுதானே? ஒரு வார்த்தை போதும்."

ஊசி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மனைவியைப் பார்த்தார். குத்தவில்லை, கேட்கவில்லை. வெறுமே பார்த்தார்.

"துண்டை எடுன்னு சொன்னேன்" என்றான் தம்பி, ஓர் அடி முன்னால் வைத்து.

பட்டாசு எழுந்து அவனுக்கும் முக்காலிக்கும் நடுவில் போய் நின்றாள். அவளிடம் ஒரு நகைச்சுவையும் மிச்சமில்லை.

மனைவி துண்டு இருந்த கொடியைப் பார்த்தாள். பிறகு தலைப்புக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, மடங்காத அந்த இரண்டு விரல்களோடு ஊசியின் முன் நீட்டினாள்.

"கேட்டால் தரப்படும்னு நான்தானே சார் சொன்னேன்? கேக்கறாங்க. குடுங்க."

ஊசி போனைக் கொடுத்தார்.

"யாரு பேசறது?" என்றது அதிகாரியின் குரல்.

அவள் குசுகுசுக்கவில்லை. ஒரு காலத்தில் பெரிய ஆபீஸில் தொலைபேசியை எடுத்துப் பேசிய, தெளிவான குரல் அது.

"அவரோட மனைவி பேசறேன் மேடம். கடைசிலேருந்தே ஆரம்பிக்கறேன், உங்களுக்கு வசதியா இருக்கும். அவர் கடைசியா என்னை அடிச்சது, அவருக்கு வேலை இருந்த கடைசி நாள்."